நிலுவையாக வரும் உதவித்தொகை உபரிப் பணமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 29. சேலம் அம்மாபேட்டையில் அம்மாவுடன் வசிக்கிறேன். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களின் பாட்டுகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை பெற்றவள், மூன்றாம் ஆண்டு இந்த மாதத்தோடு முடிகிறது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாத உதவித்தொகை வரவில்லை. அம்மாவின் சங்கிலியை 1,20,000 ரூபாய்க்கு அடகு வைத்தும், கைப்பேசிச் செயலி ஒன்றில் 30,000 ரூபாய் கடன் வாங்கியும் சமாளித்தேன். நிலுவைத் தொகை 2,10,000 ரூபாய் இந்த மாதம் வந்துவிடும் என்கிறார்கள். சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், தீபாவளி ஆர்டருக்கு வெள்ளி வாங்க அதில் 1,50,000 ரூபாய் கேட்கிறார். முன்பு இரண்டு முறை நிலுவை வந்தபோதும் மொத்தம் 2,90,000 ரூபாய் கொடுத்தேன்; 40,000 திரும்பி வந்திருக்கிறது. அப்பா இறந்த பிறகு என் எம்.ஏ. படிப்புக்குப் பணம் கட்டியவர் அவர்தான். தோழி ஒருத்தி, வெள்ளி விலையோடு ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கும் நிதியான வெள்ளி ஈ.டி.எஃப்.பில் 50,000 ரூபாயாவது போட்டு வை என்கிறாள். வீட்டுச் செலவும் கள ஆய்வுச் செலவும் சேர்ந்து மாதம் 22,000 ரூபாய் ஆகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: அவசர காலத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும், மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் செலவாளி அல்ல என்பதும் கடிதத்திலேயே தெரிகிறது; மாதம் 42,000 ரூபாய் வரவேண்டிய ஒருவர் 22,000 ரூபாயில் குடும்பத்தையும் ஆய்வையும் நடத்துவது எளிதல்ல. தவறு வேறிடத்தில் இருக்கிறது. மாதாமாதம் வராமல் ஐந்தாறு மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாக வரும் பணத்தை, உங்கள் அண்ணன் மட்டுமல்ல, நீங்களும் எங்கிருந்தோ கிடைத்த புதுப்பணம் போலப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். உதவித்தொகையோடு வரும் வீட்டு வாடகைப் படியைச் சேர்க்கவில்லை. சங்கிலியின் மேல் அசல் 1,20,000. மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 1,800, ஐந்து மாதத்துக்கு 9,000. செயலிக் கடனில் நான்கு தவணையில் இரண்டு கட்டியாயிற்று, மீதி இரண்டுக்கு 17,000. ஆக 1,46,000 ரூபாய் ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஏப்ரலிலிருந்து சாப்பிட்ட சோறாகவும், மலைக்குப் போன ஜீப் வாடகையாகவும், மழையில் நனைந்து போன கருவிக்குப் பதிலாக ஜூலையில் 18,000 ரூபாய்க்கு வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியாகவும் அது கரைந்துவிட்டது. 2,10,000 என்று வங்கிக் குறுஞ்செய்தி சொல்லும் நாளில் உங்கள் கையில் உண்மையாக இருப்பது 64,000 ரூபாய்தான். அதிலிருந்து அண்ணனுக்கு 1,50,000 எப்படிக் கொடுப்பீர்கள்? கொடுத்தால் சங்கிலி அடகிலேயே கிடக்கும், ஆண்டுக்கு 21,600 ரூபாய் வட்டி ஓடும். அண்ணனுக்கு வட்டியில்லாமல் கொடுக்கிறேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 18 விழுக்காடு வட்டியை நீங்கள் கட்டிக்கொண்டு, அவரை மட்டும் வட்டியில்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதே நடப்பது.

செயலிக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. 30,000 என்று பெயர். செயல்பாட்டுக் கட்டணம் என்று 3,000 பிடித்துக்கொண்டு 27,000தான் உங்கள் கணக்குக்கு வந்தது. நான்கு தவணையில் 8,500 வீதம் 34,000 திருப்புகிறீர்கள். தவணைதோறும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் இது மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி. கடைவீதியில் ஒருவர் பத்து வட்டி என்று சொல்லியிருந்தால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தே இருக்க மாட்டீர்கள். திரையில் பச்சைப் பொத்தானாக வந்ததால் அழுத்திவிட்டீர்கள். உங்கள் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது என்பதால் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்ததில்லை, சம்பளச் சீட்டும் இல்லை. ஆகவே தனிநபர் கடன் தர வங்கி யோசிக்கும், செயலி யோசிக்காது. சேர்வராயன் கோயில் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில்தான் வரும், அன்றைக்குப் பாடப்படுவதைப் பதிவு செய்யத் தவறினால் ஓராண்டு போய்விடும், உங்கள் கோப்பு ஏதோ ஒரு மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்பதற்காகத் திருவிழாவைத் தள்ளிவைக்க முடியாது என்பதும் சரிதான். ஆகவே, தாமதத்தை எதிர்பாராத விபத்தாகக் கருதாமல், மூன்று ஆண்டுகளாக நடப்பதைப் போல இனியும் நடக்கும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

பணம் வந்த அன்றைக்கே முதலில் செயலிக் கடனை முழுவதும் அடைத்து, கடன் முடிந்ததற்கான சான்றைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கிலிருந்து தானாகத் தவணையை எடுத்துக்கொள்ள அந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதியை வங்கியில் நீக்கிவிடுங்கள். அடுத்து சங்கிலியை மீட்டுவிடுங்கள். மீதி 64,000 ஏறக்குறைய மூன்று மாதச் செலவு. அதை ஒரே வைப்பாகப் போடாமல், வேறொரு வங்கியில் 20,000 வீதம் மூன்று நிரந்தர வைப்புகளாகப் போட்டால், ஒரு மாதம் முட்டும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம். அந்தக் கணக்குக்கு யு.பி.ஐ. வேண்டாம். அண்ணனிடம் கணக்கு எண்ணையும் சொல்ல வேண்டாம்; இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

தோழி சொல்லும் வெள்ளி ஈ.டி.எஃப். பற்றிச் சில மாதங்களாக வாரத்துக்கு நான்கு கடிதமாவது எனக்கு வருகிறது. விலை ஏறிய பொருளைப் பற்றி எல்லோருக்கும் திடீரென்று ஞானம் பிறப்பது வழக்கம்தான். உங்கள் விஷயத்தில் அது கூடுதலாகப் பொருந்தாது. பட்டறையில் உங்கள் பணம் 2,50,000 ரூபாய் ஏற்கெனவே வெள்ளியாகக் கிடக்கிறது. வெள்ளி விலை விழுந்தால் அண்ணனிடமிருந்து வரவேண்டியதும் நிற்கும், ஈ.டி.எஃப்.பும் சேர்ந்து விழும். அதோடு, 18 விழுக்காட்டுக்கு அடகு வைத்துக்கொண்டு எந்த முதலீட்டைத் தேடுவதும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

இனி அண்ணன். அவர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. கொலுசுத் தொழிலின் இயல்பே இப்படி. வியாபாரி கொடுக்கும் வெள்ளியில் கூலிக்குச் செய்து கொடுப்பவருக்கு விலை ஏற்றம் பெரிதாக உறைக்காது. சொந்தமாக வெள்ளி வாங்கிச் செய்து விற்பவருக்கு, விலை ஏற ஏற அதே எடை சரக்குக்கு அதிகப் பணம் முடங்கும். கடைக்காரர் கடனாக எடுத்துப்போன சரக்குக்குப் பணம் வருவதற்குள் அடுத்த உருப்படிக்கு வெள்ளி வாங்கியாக வேண்டும். லாபம் வந்தாலும் அது மறுபடி வெள்ளியாகிவிடுவதால், தங்கையிடம் திருப்பிக் கொடுக்கப் பணமாக எதுவும் மிஞ்சாது. சென்ற இரண்டு முறை கொடுத்ததும் அதனால்தான் திரும்பவில்லை, இந்த முறை கொடுப்பதும் திரும்பாது. இத்தகைய நடைமுறை மூலதனத்துக்கு வங்கி இருக்கிறது. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்துகொண்டு, சிறுதொழில்களுக்கு அரசுத் திட்டத்தில் வங்கி தரும் பிணையில்லாத முத்ரா கடனுக்கு அவர் விண்ணப்பிக்கலாம்; கிஷோர் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வட்டி கட்ட வேண்டியிருக்குமே என்று அவர் தயங்கினால், அந்த வட்டியை இப்போது யார் கட்டுகிறார்கள் என்று அடகுச் சீட்டைக் காட்டுங்கள். இணைக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது.

எம்.ஏ.வுக்குப் பணம் கட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஓர் அளவு வேண்டும். இரண்டு ஆண்டு எம்.ஏ. படிப்புக்கு அவர் செலவழித்ததைக் கூட்டிப் பாருங்கள். நீங்கள் கொடுத்துத் திரும்பாத 2,50,000 ரூபாய் அதைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். உங்கள் ஆய்வுக் களத்தில் சொல்லப்படும் கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்: காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவரில் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். உறவு விடவில்லை, மலை மட்டும் தனித்தனி. உங்கள் வீட்டிலும் கணக்கு மட்டும் தனியாக இருந்தால் போதும். அம்மாவுக்கு மனம் ஆறுவதற்காக, மாதம் 2,000 ரூபாய் அண்ணன் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு என்று நீங்களாகவே ஒதுக்குங்கள். உதவித்தொகை வராத மாதத்தில் அதுவும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அண்ணி ஏதாவது ஏலச் சீட்டில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொன்னாலும் பதில் அதே. மாத வரவு நிச்சயமில்லாதவர் மாதச் சீட்டுக் கட்டப் போனால், சீட்டுக் கட்டவே கடன் வாங்குவார்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு அதிகக் கவலை. உங்கள் உதவித்தொகை மொத்தம் ஐந்து ஆண்டுகள். அதற்கு முன்பே ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் அன்றோடு நின்றுவிடும். வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் கைக்கு வந்து, ஒரு கல்லூரியில் வேலை கிடைக்கும் வரை இடையில் ஒரு ரூபாயும் வராது. மூன்று ஆண்டு போக மீதி 24 மாதம். கலை, இசை, சமூகவியல் துறைகளில் பாட்டைப் பதிவு செய்வதைவிட அதை எழுத்தில் பெயர்த்து, பாடியவரிடமே திரும்பப் போய்ச் சரிபார்ப்பதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்; ஆய்வு ஐந்தாண்டைத் தாண்டுவதும் அங்கே புதிதல்ல. கடன் இல்லாமல் இருந்தால் மாதம் 20,000 ரூபாய் மிஞ்ச வேண்டும். 24 மாதத்துக்கு 4,80,000. குழந்தைகளுக்கான 2,000 போக 4,32,000. அதில் பாதிதான் சேர்கிறது என்று வைத்தாலும், உதவித்தொகை நின்ற பிறகு ஏறக்குறைய பத்து மாதம் தாங்கும். அண்ணனின் வெள்ளிக்கு நீங்கள் கொடுப்பது, வருமானமே இல்லாத அந்தப் பத்து மாதத்தைத்தான்.

மாதாந்திரத் தொகையைத் தவிர, கலை மற்றும் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு முதல் இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், அதன் பிறகு ஆண்டுக்கு 20,500 ரூபாயும் தற்செயல் செலவுக்கு, அதாவது பயணம், நகலெடுப்பு போன்ற ஆய்வுச் செலவுக்கு, உண்டு. நீங்கள் இரண்டு ஆண்டில் 6,000 ரூபாய்தான் வாங்கியிருக்கிறீர்கள். 14,000 ரூபாயைக் கேட்காமலே விட்டிருக்கிறீர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ரசீதுகளின் படத்தைப் பார்த்தேன். பேருந்துச் சீட்டும் நகலெடுத்த கடையின் சீட்டும் பைக்குள் கிடந்து எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகியிருக்கின்றன, ஒன்றில் தேதியின் கடைசி இரண்டு எண் மட்டும் தெரிகிறது. அந்த வகைத் தாளில் மை கிடையாது. சூட்டில் கறுக்கும் பூச்சு, கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து, நகல் எடுத்து ஒட்டி வையுங்கள். ஏற்காட்டிலிருந்து உட்கிராமங்களுக்குப் போகும் ஜீப்காரர் ரசீது தரமாட்டார் என்றால், தேதி, போன இடம், வண்டி எண், தொகை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அதை ஏற்றுக்கொள்வார்களா என்று துறை அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். இந்த ஆண்டுக்கான 20,500 ரூபாய்க்குப் பட்டியல் கொடுக்க உங்களிடம் சில வாரமே இருக்கிறது. 18,000 ரூபாய்க் கருவியின் ரசீது பத்திரமாக இருக்கிறதா? அது அதில் சேருமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

அண்ணனிடம் பேசுவதை நிலுவை வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். வந்த பிறகு பேசினால் இல்லை என்ற சொல் வாயில் வராது. 2,50,000 ரூபாய் பாக்கி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மாதம் 5,000 வீதம் திருப்பினால் உங்கள் உதவித்தொகை முடிவதற்குள் 1,20,000 வரும். மீதியை வரவாகக் கணக்கில் வைக்காதீர்கள். ஒருவேளை இந்த மாதம் பணம் வராமல் தள்ளிப்போனால், செயலித் தவணையையும் சங்கிலியின் வட்டியையும் மட்டும் கட்டிவிட்டுக் காத்திருங்கள், புதிதாக எதையும் அடகு வைக்க வேண்டாம். அடகு வைக்கும் நிலை மறுபடி வந்தே தீருமென்றால், பொதுத்துறை வங்கியிலும் கூட்டுறவு வங்கியிலும் வட்டியை விசாரித்த பிறகே போங்கள். சங்கிலியை மீட்கும் அன்று, அடகுச் சீட்டில் எழுதிய எடையோடு ஒப்பிட்டு உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லி வாங்குங்கள்.