கார்பன் கணக்கு கேட்கிறார்கள், எலெக்ட்ரிக் லாரி வாங்க வேண்டுமா?

கேள்வி: நாமக்கல்லில் எட்டு லாரி வைத்திருக்கிறோம். எல்லாம் 12 சக்கர வண்டி, மும்பை, புனே பக்கம்தான் ஓட்டம். நாங்கள் லோடு எடுக்கும் பெரிய கம்பெனி ஒன்று, வண்டிகளின் கார்பன் கணக்கைக் கொடுக்க வேண்டும், அடுத்த ஒப்பந்தத்துக்குள் குறைத்தும் காட்ட வேண்டும் என்று மெயில் அனுப்பியிருக்கிறது. எலெக்ட்ரிக் லாரிக்கு மாறித்தான் ஆக வேண்டுமா?

பதில்: மாற வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு இப்போதைக்கு அது சரிவராது, காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆனால் மெயிலை ஒதுக்கிவிடாதீர்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் சுற்றுச்சூழல் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விதி. ஏற்றுமதி செய்பவர்களை வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள். வாடகை லாரியில் எரியும் டீசல் கடைசியில் சரக்குக்காரர் கணக்கில்தான் போய்ச் சேரும். இன்று ஒரு கம்பெனி கேட்கிறது, நாளை மற்றவர்களும் கேட்பார்கள்.

கணக்கு ஒன்றும் பயப்படும்படி இல்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு (சுருக்கமாகக் கார்பன்) வெளியாகும். ஒரு நடையில் எரிந்த மொத்த டீசலுக்கு வரும் கார்பனை, ஏற்றிய டன்னையும் ஓடிய கிலோமீட்டரையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, 20 டன் லோடோடு 1000 கிலோமீட்டர், மைலேஜ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 250 லிட்டர், 670 கிலோ கார்பன். ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 33 கிராம் சொச்சம். அதே வண்டி காலியாகத் திரும்பினால் மைலேஜ் ஐந்தரை கிடைக்கும், ஆனாலும் இன்னொரு 182 லிட்டர் எரியும். சுமந்த சரக்கோ அதே 20 டன்தான். இப்போது கணக்கு 58 கிராமில் நிற்கும். திரும்பும்போதும் 20 டன் ஏற்றி வந்திருந்தால் மறுபடி 33-க்கே வந்துவிடும். புது வண்டி இல்லை, புது எரிபொருள் இல்லை, ரிட்டர்ன் லோடு மட்டும்தான் வித்தியாசம். சரக்குப் போக்குவரத்துக்கான ஐஎஸ்ஓ 14083 என்ற 2023-ஆம் ஆண்டு தர நெறியும் காலி ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. மறைக்க வழியில்லை.

ரிட்டர்ன் லோடு கிடைக்காமலா காலியாக வருகிறோம் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். மூன்று நாள் புக்கிங் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து, புரோக்கர் சொல்லும் அடிமாட்டு வாடகைக்கு ஏற்றுவதைவிடக் காலியாக வந்து அடுத்த லோடைப் பிடிப்பதே லாபம் என்று ஆகிவிடுகிறது. அதனால் பேச்சை அந்தக் கம்பெனியிடமே தொடங்குங்கள். அவர்களுக்கு மும்பை பக்கத்திலிருந்து வரும் மூலப்பொருள் ஏதாவது இருக்கும், அதை வேறு டிரான்ஸ்போர்ட்காரர் ஏற்றிக்கொண்டிருப்பார். இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பதுதான் பல கம்பெனிகளில் நிலவரம். போக்கும் வரத்தும் சேர்த்து ஒரே ஒப்பந்தமாகக் கேளுங்கள். நேர் வழியில் இல்லாவிட்டால் பெங்களூரு, ஓசூர் வரை ஒரு லோடு, அங்கிருந்து இன்னொன்று என்று முக்கோணமாகவும் போடலாம்.

அடுத்தது டீசல். ஒவ்வொன்றிலும் மிச்சம் சிறிது, சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 75-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. எல்லா டயரிலும் காற்றழுத்தம் 10 பிஎஸ்ஐ (காற்றடிக்கும் கருவி காட்டும் அளவு) குறைந்தால் சுமார் ஒரு சதவீதம் டீசல் கூடுதல். இரட்டை டயரில் உள்பக்க டயரின் வால்வு கைக்கு எட்டாது என்பதால் அதை யாரும் பார்ப்பதே இல்லை. ஷெட்டை விட்டு வண்டி கிளம்பும் முன், டயர் சூடேறாதபோதே பார்த்துவிடச் சொல்லுங்கள். நைலான் டயர் ஓடுகிற வண்டி இருந்தால் தேயும்போது, உருள்வதற்கு எளிதான ரேடியல் டயருக்கு மாற்றுங்கள். டிரைவர் பயிற்சிக்குப் பிசிஆர்ஏ என்ற பெட்ரோலிய சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கத்தை அணுகலாம். மிச்சமாகும் டீசலில் டிரைவருக்கும் ஒரு பங்கு கொடுத்தால்தான் பயிற்சியில் கற்றது ஓட்டத்தில் தெரியும்.

நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவது தனிப் பிரச்சினை. கனரக வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு, மூன்று லிட்டர்கூடப் போய்விடும். இப்போது தயாராகும் புது லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால் லோடு இறக்கும் இடத்தில் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கும் டிரைவர், வெயிலில் எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுத்தான் படுப்பார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. நிழலும் கழிப்பறையும் ஓய்வறையும் கொடுக்க வேண்டியது கம்பெனி.

சரி, எலெக்ட்ரிக் லாரி. அசோக் லேலண்ட், டாடா இரண்டிலும் 55 டன் மின் டிராக்டர் (டிரெய்லரை இழுக்கும் முன் வண்டி) வந்துவிட்டது. ஆனால் அந்த வகை வண்டி கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட்டை ஒட்டி இழுக்கும். நம் மின்கட்டமைப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் என்பதால், கிலோமீட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டி வருகிறது. அதே எடை இழுக்கும் டீசல் வண்டியின் சைலன்சரில் வருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். டீசலைச் சுத்திகரித்துக் கொண்டுவருவதில் வெளியாகும் கார்பனையும் சேர்த்தால் மின் லாரி சற்று முந்தும். ஊருக்குள் புகை இல்லை என்பது உண்மையான லாபம். சொந்தச் சோலார், காற்றாலை மின்சாரம் இருந்தால் கதையே வேறு. துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே தினமும் ஒரே பாதையில் 100, 150 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம். பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஒரு மின் லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை 2025-இல் அறிவித்தார்கள், பழைய லாரியை ஸ்கிராப்புக்குக் கொடுத்த சான்றிதழ் வேண்டும் என்ற நிபந்தனையோடு. மும்பை ஓட்டத்துக்கு வழியெங்கும் பெரிய சார்ஜர் வேண்டும். அது வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பிஎஸ்-6 புகை விதிப்படி வந்த வண்டியில் ஆட்ப்ளூ (புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் திரவம்) செலவை மிச்சம் பிடிக்க, அது இல்லாமலே வண்டியை ஓடவைக்கும் ஏமாற்றுப் பெட்டி மாட்டித் தருகிறோம் என்று மெக்கானிக் யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கார்பன் எண்ணில் அது தெரியாது, நைட்ரஜன் ஆக்சைடு நச்சு அப்படியே வெளியே போகும்.

பதில் மெயிலுக்கு, மூன்று மாத ட்ரிப் ஷீட்டிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் டன், லோடோடு ஓடிய கிலோமீட்டர், காலி கிலோமீட்டர், நிரப்பிய டீசல் ஆகியவற்றை எழுதுங்கள். பக்கத்திலேயே, அவர்கள் கேட்டில் வண்டி எத்தனை மணி நேரம் நின்றது என்று ஒரு கட்டமும் போடுங்கள். ரிட்டர்ன் லோடும், காத்திருக்கும் நேரத்துக்கான ஹால்டிங் வாடகையும் பேச அந்தக் கட்டம் உதவும்.