இறை இரக்க ஞாயிறு: உபதேசியார் பதில்கள்

கே: இந்த விழா என்றைக்கு வரும்?
ப: உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) அடுத்த ஞாயிறு. நவநாளை, அதாவது ஒன்பது நாள் செபத்தை, பெரிய வெள்ளியன்றே தொடங்கிவிடுங்கள்.

கே: அன்றைக்கே பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தால்தான் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை, கிடைக்குமா?
ப: இல்லை, சகோதரி. சுமார் 20 நாள் முன்போ பின்போ செய்யலாம். சாவான (கனமான) பாவம் இருந்தால் மட்டும் நன்மை (நற்கருணை) வாங்குமுன் செய்தாக வேண்டும். அன்று நன்மை வாங்கி, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபித்து, பாவப்பற்றை விட்டு, கோயிலில் இறை இரக்க வழிபாட்டில் கலந்துகொள்ளுங்கள்.

கே: இறை இரக்கப் படம் பலவிதமாக இருக்கிறதே, எது அசல்?
ப: 1931 பிப்ரவரி 22 அன்று, போலந்தின் புவோட்ஸ்க் மடத்தில் அருட்சகோதரி புனித ஃபவுஸ்தினா கண்ட இயேசுவின் காட்சி அது. ஒரு கை ஆசீர் அளிக்கிறது, மறு கை நெஞ்சருகே ஆடையைத் தொடுகிறது. அங்கிருந்து இரு கதிர்கள்: வெளிறியது தண்ணீர், சிவப்பு இரத்தம். 1934இல் வில்னியுஸ் நகரில் அவர் விவரிக்க விவரிக்க, ஓவியர் கசிமிரோவ்ஸ்கி வரைந்தார். தாம் கண்ட அழகு அதில் வரவில்லையே என்று ஃபவுஸ்தினா அழுதார். படத்தின் மேன்மை வண்ணத்திலோ தூரிகையிலோ இல்லை, என் அருளில்தான் என்று ஆண்டவர் தேற்றியதாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் அதிகம் இருப்பது ஹீவா என்ற இன்னொரு ஓவியர் வரைந்தது, போலந்தின் கிராக்கூவ் மடத்துக்குரியது.

கே: ஹீவா படத்தை ஃபவுஸ்தினா பார்க்கவே இல்லையே! அதை மாட்டுவது தவறில்லையா?
ப: தவறில்லை, தம்பி. அவர் 1938இல் இறந்தார், ஹீவா வரைந்தது அதன் பிறகுதான். ஆனாலும் அருள் ஓவியரைப் பொறுத்ததில்லை என்பதைத்தானே மேலே சொன்னேன்? எனக்குப் பிடித்தது வில்னியுஸ் படம். அதில் ஆண்டவரின் கண்கள் தாழ்ந்திருக்கும், சிலுவையிலிருந்து நம்மைப் பார்ப்பதுபோல. அதற்காக அடுத்த வீட்டுப் படத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் உரிய வாசகம் ஒன்றுதான்: இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்.

கே: வில்னியுஸ் படம்தான் பலன் தரும் என்கிறார்களே?
ப: படம் தாயத்து இல்லை. '20 பேருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் கேடு' என்று வாட்ஸ்அப்பில் வருவதும் அதே தாயத்து நம்பிக்கைதான். அழித்துவிடுங்கள். பயமுறுத்துகிறவர் ஆண்டவரல்ல.

கே: ஐயா, பாவசங்கீர்த்தனம் அதே நாளில்தானா?
ப: மேலே இருக்கிறது. 20 நாள். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கே: விழாவை அறிவித்தது யார்?
ப: இரண்டாம் யோவான் பவுல், 2000 ஏப்ரல் 30, ஃபவுஸ்தினாவைப் புனிதராக உயர்த்திய அன்று.

கே: கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து 17 வருடம் ஆகிறது. செபங்கள்கூட மறந்துபோயின. சாமியார் திட்டுவாரோ?
ப: போங்கம்மா. 'ரொம்ப வருஷமாச்சு சாமி, சொல்லிக் கொடுங்க' என்று ஆரம்பியுங்கள், மீதியை அவர் கேட்டுக் கேட்டு எடுப்பார். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், சனிக்கிழமை மாலையே போய்விடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும்.