ஆடுகளம் கேள்வி பதில்: கைக்கு வந்த அணியில் சரக்கு எவ்வளவு?

கேள்வி: இந்த ஜூனில்தான் ஒரு கலைக் கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். பட்டியலில் 26 பேர். போன வருடம் முதல் சுற்றிலேயே 4-0 என்று தோற்று வந்த அணி. "இவங்ககிட்ட ஒண்ணும் இல்ல சார்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் போட்டி. யாரிடம் என்ன இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– பெயர் வேண்டாம் என்ற பயிற்சியாளர், காரைக்குடி

பதில்: முதலில் அந்த 26-ஐ எண்ணிப் பாருங்கள். படிப்பு முடித்துப் போனவர்கள் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கும். அரியர், வருகைப் பதிவு, வயது என்று தகுதி இழப்பவர்கள் சிலர். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு மைதானத்துப் பக்கமே வராதவர்கள் சிலர். இவர்களைக் கழித்தபின் மிஞ்சுவோரை ஆடும் இடம் வாரியாக எழுதுங்கள், ஒவ்வொருவரும் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஆறு ஃபார்வர்டு இருப்பார்கள், இடது பேக் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஆளே இல்லாத இடத்தில் திறமை இல்லை என்று முந்தைய ஆண்டு முழுக்கப் புலம்பியிருப்பார்கள்.

அடுத்து, அந்த 4-0. ஸ்கோரை விட்டுவிட்டு, நான்கு கோலும் எப்படி விழுந்தன என்று ஆடிய பையன்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு கோல் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் விழுந்திருந்தால் யார் யாரைப் பிடிப்பது என்பது சொல்லித்தரப்படவில்லை. அதை மூன்று வாரத்தில் சரி செய்யலாம். கடைசி இருபது நிமிடத்தில் விழுந்திருந்தால் தம் இல்லை. எட்டு வாரம் ஒழுங்காக ஓடினால் அதுவும் ஏறும். நடுக்களத்தில் ஆள் நெருங்கியதும் பந்தைப் பறிகொடுத்து விழுந்திருந்தால்தான் கவலை. அது ஃபர்ஸ்ட் டச் (வரும் பந்தை முதல் தொடுதலிலேயே அடக்குவது) கோளாறு, ஆகஸ்டுக்குள் தீராது.

முதல் வாரத்தில் ஓட்டச் சோதனை எதுவும் வைக்க வேண்டாம். விடுமுறை முடிந்து வந்தவனை ஓடவிட்டால் அவன் விடுமுறையை எப்படிக் கழித்தான் என்பதுதான் தெரியும். அதற்குப் பதில் நாலுக்கு நாலு ஆட விடுங்கள். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், கோன் வைத்த சின்ன கோல். 24 பேர் என்றால் மூன்று கட்டம். ஆறு நிமிட ஆட்டம், மூன்று நிமிட ஓய்வு, மொத்தம் ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அணியைக் கலைத்துப் போடுங்கள். ஜெயித்த அணியில் ஒவ்வொருவருக்கும் 10 புள்ளி, டிராவுக்கு 5, அணி போட்ட கோலுக்கு ஒன்று, எல்லாம் அவரவர் பெயரில். இதை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கலாம். வாரத்தில் மூன்று நாள், இரண்டு வாரம் செய்தால், எந்தக் கூட்டணியில் போட்டாலும் தன் அணியை ஜெயிக்கவைப்பவன் பட்டியலின் மேலே வந்து நிற்பான். பெரும்பாலும் அவன் சத்தமில்லாதவனாக இருப்பான், போன வருடம் பெஞ்சில் உட்கார்ந்தவனாகக்கூட இருப்பான். பந்தை வைத்து வித்தை காட்டுகிறவன் நடுவில் எங்கோ கிடப்பான். ஒரே நாள் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், ஆறு ஆட்டத்தில் கூட்டாளி அதிர்ஷ்டம் நிறைய கலந்திருக்கும். கீப்பர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆட்டம் நடக்கும்போது புள்ளிக்கு வெளியே ஒன்றை மட்டும் பாருங்கள்: பந்து காலுக்கு வருவதற்கு முந்தைய சில நொடிகளில் பையன் எத்தனை முறை தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கிறான்? ஆளுக்குப் பத்துப் பந்து எண்ணினால் போதும். பார்க்கிறவனுக்குப் பந்து வரும்போதே அடுத்த பாஸ் தெரிந்திருக்கும். வேகம், பயன்படும் இடது கால், இந்தப் பார்வை ஆகிய மூன்றையும் பத்து வாரத்தில் உண்டாக்க முடியாது. அவை ஏற்கெனவே உள்ளவனை விட்டுவிடக் கூடாது.

நம் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பையன்கள் பலர் ஊர்த் திடலில் ஐவர், எழுவர் போட்டி ஆடி வளர்ந்தவர்கள். சின்ன இடத்தில் பந்தை அடக்குவதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஐவர் ஆட்டத்தில் ஆஃப்சைடு (எதிரணித் தற்காப்பைத் தாண்டி நின்று பந்து வாங்கத் தடை) கிடையாது. அந்தப் பழக்கத்தோடு பெரிய மைதானத்துக்கு வந்தால் ஃபார்வர்டு கோல் வாசலிலேயே நிற்பான், பேக் மற்ற பேக்குகளோடு ஒரே கோட்டில் நிற்காமல் ஆள் பின்னாலேயே ஓடுவான். இதைத் திறமைக் குறை என்று எழுதிவிடாதீர்கள், பழக்கக் குறைதான். நாலுக்கு நாலு அவனுக்குச் சாதகமான சோதனை என்பதையும் மறக்க வேண்டாம். அதனால் மூன்றாம் வாரம் 30 மீட்டர் தள்ளி 5 மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் விழும்படி வலது காலில் பத்து, இடது காலில் பத்து நீண்ட பாஸ் அடிக்கச் சொல்லுங்கள். பிறகு முழு மைதானத்தில் பதினொருவர் ஆட்டம் இரண்டு.

தரையும் தீர்ப்பைக் கெடுக்கும். நம் செம்மண் சரளைத் திடலில் ஜூன், ஜூலையில் பந்து கல்லில் விழுந்தது போல் துள்ளும். நல்ல டச் உள்ளவனும் தடுமாறுவான். ஐந்தாம் எண் பந்துக்கு விதிப்படி காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை இருக்கலாம். கட்டாந்தரையில் கீழ் அளவுக்குப் பக்கத்தில் வையுங்கள். நீள ஸ்டட் வைத்த ஷூவும் வேண்டாம், கணுக்காலுக்கு ஆகாது. புதுவயலிலிருந்து வெறும் வயிற்றோடு முதல் பஸ் பிடித்து வருகிறவனையும் விடுதியில் எழுந்து நேரே மைதானத்துக்கு வருகிறவனையும் காலை ஆறு மணிக்கு ஒரே தராசில் வைக்காதீர்கள். ஒரு வாரம் மாலையிலும் பாருங்கள்.

வேகத்துக்கு, கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் கால் நொடி வரை பொய் சொல்லும். அதைவிட இருவர் இருவராக ஓடவிட்டு, 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் யார் முன்னே என்று எழுதுங்கள். ஸ்டாப்பருக்கு (நடுவில் நிற்கும் பேக்) பத்தும் விங்குக்கு (ஓரத்தில் ஓடுகிறவன்) முப்பதும் முக்கியம்.

முழங்கால் பழைய கதை எல்லோரிடமும் இருக்கும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒற்றைக்காலில் தாவி அதே காலில் நிலையாக நிற்கச் சொல்லி, இரண்டு காலுக்கும் தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு கால் மற்றதில் 90 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, "மூட்டு வழுக்குது சார்" என்றாலோ, டாக்டர் பார்த்த பிறகுதான் அவன் பெயர் பட்டியலில் ஏற வேண்டும்.

கேள்வி: ஆறடி உயரம் என்பதற்காகவே ஒருவனைக் கீப்பராக்கியிருக்கிறார்கள். சரியா?
– கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: கோல் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. உயரம் உதவும், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அதை அல்ல. பதினாறு மீட்டரிலிருந்து இருபது பந்து அடியுங்கள். எத்தனை தடுத்தான் என்பதோடு, தடுத்த பந்து எங்கே போய் விழுந்தது என்றும் எழுதுங்கள். எதிராளியின் காலடியில் போட்டுக் கொடுக்கிறவன் ஆபத்தானவன். ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது கோல் கோட்டிலிருந்து வெளியே வருகிறானா? சக ஆட்டக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-லேயே வந்துவிட்டது, அதனால் காலும் வேண்டும். குட்டையாக இருந்தாலும் இந்த மூன்றும் உள்ளவனுக்கே என் ஓட்டு.

கேள்வி: என் பேரன் அமெரிக்காவில் படிக்கிறான். அவன் காலேஜ் ஃபுட்பால் அணிக்குப் புது கோச் வந்ததும் பாதிப் பேரை மாற்றிவிட்டாராம். அப்படியெல்லாம் செய்யலாமா?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: அங்கே செய்யலாம் ஆச்சி. அது நம் கால்பந்து அல்ல, நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயரைப் பதியும் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பதிவேடு வந்தது. 2021 முதல், வேறு கல்லூரிக்கு மாறுகிறவர் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டியதில்லை. அதிலிருந்து புது கோச்சுகள் இருப்பதை எடை போடுவதோடு சந்தைக்கும் போகிறார்கள். 2022-ல் 12 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று ஜெயித்த கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்து அணியையே புரட்டிப் போட்டார். மறு வருடம் 4 வெற்றி, 8 தோல்வி. 2024-ல் 9 வெற்றி, 4 தோல்வி. இந்தியானா பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாக வந்த கர்ட் சிக்னெட்டி, தான் முன்பு பயிற்சி கொடுத்த கல்லூரியிலிருந்து ஒரு டஜனுக்கு மேல் ஆட்களைக் கூட்டி வந்தார். முந்தைய ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி என்று கிடந்த அணி 2024-ல் 11 வெற்றி, 2 தோல்வி என்று ஆனது. அவர் கூட்டி வந்தவர்கள் பள்ளிக் காலத்தில் ஆள் தேடுகிறவர்கள் போடும் நட்சத்திர மதிப்பெண்ணை வாங்கிக் குவித்தவர்கள் இல்லை, அவருடைய ஆட்டமுறை பழகியவர்கள். களத்தில் ஆடியதைப் பார்த்து எடுத்தார், பதினேழு வயதில் யாரோ போட்ட நட்சத்திரத்தைப் பார்த்து அல்ல. காரைக்குடிப் பயிற்சியாளருக்கு அந்தச் சந்தை கிடையாது. இருக்கும் அரிசியில்தான் பொங்க வேண்டும்.

கேள்வி: போன வருடம் நான்தான் ஃபார்வர்டு. புது சார் என்னைப் பேக்கில் ஆடச் சொல்கிறார். ஒதுக்குகிறாரா?
– இரண்டாம் ஆண்டு மாணவர், கோட்டையூர்

பதில்: தம்பி, ஆறு ஃபார்வர்டு உள்ள அணியில் பேக் இடம் கிடைப்பது ஒதுக்கல் இல்லை. மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, "என்னிடம் எதைப் பார்த்து இங்கே போட்டீர்கள்?" என்று தனியாகக் கேளுங்கள். வேகம் என்றோ இடது கால் என்றோ குறிப்பாகச் சொன்னால் நம்பலாம். மழுப்பினால் அடுத்த பயிற்சி ஆட்டத்தில் ஒரு பாதி முன்னால் ஆட வாய்ப்புக் கேளுங்கள்.

கேள்வி: முந்தைய பயிற்சியாளரிடம் ஆட்களைப் பற்றி விசாரிக்கலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், பள்ளத்தூர்

பதில்: விசாரியுங்கள், ஆனால் மூன்றாம் வாரம் முடிந்து உங்கள் பட்டியலை மையில் எழுதிய பிறகு. அதற்கு முன் போனால் அவர் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். போகும்போது யார் நல்ல ஆட்டக்காரன் என்று கேட்க வேண்டாம். யாருக்கு எப்போது அடிபட்டது, எவன் வீட்டில் என்ன கஷ்டம், தையில் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய் விலா எலும்பை உடைத்துக்கொண்டு வருகிறவன் யார் என்று கேளுங்கள்.