அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்தும் மூச்சு திரும்பவில்லை. எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் செய்யப்போகிறார்கள், எனக்கும் அப்படி ஆகுமா?

ஆகலாம். நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் தவிர்த்துவிடலாம்.

அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்குப் பின் அக்கா 4 மணி நேரம் வென்டிலேட்டரில் இருந்தார், உங்கள் குடும்பம் ஆரிய வைசியர் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் மயக்க மருந்து கொடுப்பவர்கள் இதைக் கேட்டவுடனே சந்தேகிப்பது சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் குறைபாட்டைத்தான். இந்தச் சமூகத்தில் அது மற்றவர்களைவிட அதிகம்.

தொண்டையில் குழாய் செருகத் தசையைத் தளர்த்தும் ஸ்கோலின் மருந்தை அந்த நொதிதான் இரத்தத்திலேயே உடைக்கிறது. அதனால் 5 முதல் 10 நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும். நொதி இல்லையென்றால் மணிக்கணக்காகும். தசைதான் செயலிழக்கும், நினைவு அல்ல. அதனால் மருந்து தானாக வடியும்வரை தூக்கத்திலேயே வைத்து, மூச்சுக் கொடுக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் நோயாளி விழித்தபடி அசையாமல் கிடப்பார். அந்தக் கொடுமை யாருக்கும் வரக்கூடாது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் இந்த அளவு பாதிப்பு. அக்காவுக்கு அது உறுதியானால், உங்களுக்குக் குறைந்தது 25% வாய்ப்பு.

ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் இந்த நொதியை அளக்கும் சீரம் கோலினெஸ்டரேஸ் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கும் இதையேதான் பார்ப்பார்கள், ஆகவே பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும். குறைவாக இருந்தால் ஸ்கோலினுக்குப் பதில் ரொகுரோனியம் தரலாம். அதை முறிக்க சுகமடெக்ஸ் இருக்கிறது. மிவகூரியம் என்ற தசைத் தளர்த்தி மருந்தும் கூடாது, அதையும் இதே நொதிதான் உடைக்கிறது.

அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியை மயக்க மருத்துவரிடமே நேரில் காட்டுங்கள்.