நுகர்வோர் கேள்வி-பதில்: வீடு மாறும்போது மேசைக் கணினியைச் சேதமின்றிக் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி: பணிமாற்றம் காரணமாக அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகனுக்காக 2 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 95,000 ரூபாய் செலவில், பாகங்களைத் தனித்தனியே வாங்கி ஒரு மேசைக் கணினியை அமைத்தோம். அதில், திரையில் தெரியும் படங்களை உருவாக்கித் தரும் பெரிய கிராபிக்ஸ் கார்டும் பக்கவாட்டில் கண்ணாடிக் கதவும் உள்ளன. அவை வந்த அட்டைப்பெட்டிகள் இப்போது இல்லை. பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்தார், "நாங்களே கட்டிக்கொள்கிறோம், நீங்கள் எதையும் தொட வேண்டாம்" என்கிறார்கள். அவர்களிடமே விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மேசை, பீரோ, பாத்திரங்களை அவர்களிடம் விடலாம், கணினியை அப்படியே விட வேண்டாம். கட்டுபவர்கள் எவ்வளவு பொறுப்பானவர்களாக இருந்தாலும், பெட்டியின் வெளிப்புறத்தைத்தான் பாதுகாப்பார்கள். நாம் வழக்கத்தில் சிபியு என்று அழைக்கும் அந்தக் கேபினட் பெரும்பாலும் உள்ளிருந்துதான் சேதமடைகிறது. கேபினட் நிமிர்ந்து நிற்கும்போது, எல்லாப் பாகங்களும் பொருத்தப்படும் பலகையான மதர்போர்டு சுவர்போல் செங்குத்தாக நிற்க, ஒரு கிலோ அளவுக்கு எடை இருக்கக்கூடிய கிராபிக்ஸ் கார்டு அதிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, அது செருகப்பட்டிருக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் ஸ்லாட்டையும் பின்புறத் திருகுகளையும் நம்பித் தொங்குகிறது. லாரி ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அந்த எடை ஸ்லாட்டை நெம்புகிறது. ஸ்லாட் பிய்ந்தால் மதர்போர்டையே மாற்ற நேரிடலாம். என் உறவினர் ஒருவரின் கணினி, வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் வந்துசேர்ந்து, உள்ளே கார்டு ஸ்லாட்டைப் பெயர்த்துக்கொண்டு கிடந்ததை நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுவது. கணினியை அணைத்து, மின்கம்பியை உருவி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரம் பெருமளவு வடிந்துவிடும். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, கார்டுக்குச் செல்லும் மின்கேபிளையும் பின்புறத் திருகுகளையும் கழற்றுங்கள். ஸ்லாட்டின் முனையில் கார்டைக் கவ்வியிருக்கும் சிறு கொக்கியை விடுவித்த பிறகே கார்டை மதர்போர்டிலிருந்து நேராக வெளியே இழுக்க வேண்டும். அவசரத்தில் பலர் உடைப்பது இந்தக் கொக்கியைத்தான். கழற்றிய கார்டை நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, அதன் பிறகே பபிள் ஷீட்டால் சுற்றுங்கள். சாதாரண பபிள் ஷீட் உரசும்போது நிலைமின்சாரம் உண்டாகும் என்பதால் அது நேரடியாக கார்டின்மீது படக் கூடாது. நிலைமின் தடுப்பு உறை கணினிக் கடைகளில் கிடைக்கும். கழற்றத் தயக்கமாக இருந்தால், அருகிலுள்ள பழுதுபார்ப்பவரை வீட்டுக்கு வரவழைத்து அவர் கையால் செய்துகொள்ளுங்கள். அந்தச் சிறு செலவை மிச்சப்படுத்த வேண்டாம்.

பிராசசரின் மேல் உயரமான, கனமான உலோகக் கூலர் இருந்தால் அதுவும் இதேபோல் தொங்கும் எடைதான். அதைக் கழற்றினால், மீண்டும் பொருத்தும்போது, வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்டைப் புதிதாகத் தடவ வேண்டும். பிராசசருடன் சேர்ந்து வந்த சிறிய கூலர் என்றால் தொட வேண்டாம்.

கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி ஆகியவற்றைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: அவை லாரியில் போகக் கூடாது, உங்கள் கைப்பையில் வர வேண்டும். உடைந்த பொருளுக்கு விலை கேட்கலாம்; குடும்பப் புகைப்படங்களையும் மகனின் பாடக் கோப்புகளையும் எந்த இழப்பீடும் திருப்பித் தராது. புறப்படும் முன் முக்கியமானவற்றை வேறொரு டிஸ்கிலும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில், டிஸ்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை மதர்போர்டு மாற்றப்பட்டால் அந்த எண் இல்லாமல் டிஸ்கைத் திறக்க முடியாது.

சொந்தக் கார் இருந்தால் கேபினட்டை அதிலேயே கொண்டுசெல்வது நல்லது. பின்னிருக்கையில் போர்வையை மடித்துச் சமதளமாக்கி, மதர்போர்டு அடியிலும் கண்ணாடிக் கதவு இருந்த பக்கம் மேலேயும் வருமாறு படுக்கவைத்து, சீட் பெல்ட்டால் கட்டுங்கள். கண்ணாடியைக் கழற்றித் தனியே துணியில் சுற்றிச் செங்குத்தாக வையுங்கள். அதன் விளிம்பில் படும் ஒரு சிறு அடியே முழுக் கண்ணாடியையும் நொறுக்கிவிடும். திறந்திருக்கும் பக்கத்தை அட்டையால் மூடுங்கள். இரவு முழுவதும் ஏசியில் குளிர்ந்த கணினியைச் சென்னையின் ஈரக்காற்றில் இறக்கியதும் இயக்காமல், இரண்டு மணி நேரமாவது விட்டுவையுங்கள். லாரியில்தான் அனுப்ப வேண்டும் என்றால், கணினிக் கடையில் கேட்டால் கேபினட் வந்த காலி அட்டைப்பெட்டி பெரும்பாலும் கிடைக்கும். ஆறு பக்கமும் சுமார் 5 சென்டிமீட்டர் தெர்மாகோல் தாங்கல் இருக்கட்டும், மழைக்காலமானால் அதற்குமேல் ஒரு பாலித்தீன் உறையும் வேண்டும். "இந்தப் பக்கம் மேலே" என்று எழுதி ஒட்டினாலும் அதை நம்பிக் கார்டை உள்ளே விட்டுவைக்காதீர்கள்.

மானிட்டரை இரண்டு மெத்தைகளுக்கு நடுவே செருகும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. பார்வைக்கு மென்மையாகத் தோன்றினாலும், கயிற்றை இழுத்துக் கட்டும்போது திரையின் நடுப்பகுதி அழுந்தி விரிசல் விடும். ஸ்டாண்டைக் கழற்றி, திரைக்கு முன் கெட்டி அட்டை வைத்து, நிமிர்ந்த நிலையில் அனுப்புங்கள். கேபிள்களைப் பிரிக்கும் முன் பின்புறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளையுடன் வந்த கேபிள்களை வேறு பவர் சப்ளையின் கேபிள்களோடு கலந்துவிடாதீர்கள். பிளக் ஒன்றுபோல் இருந்தாலும் உள் இணைப்பு மாறினால் டிஸ்கும் மதர்போர்டும் கருகிவிடக்கூடும்.

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் வீடு மாறியபோது எங்கள் மானிட்டர் லாரியில் உடைந்துவிட்டது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே, "பொருட்கள் நல்ல நிலையில் பெறப்பட்டன" என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். காப்பீட்டுக்கு என்று 2,400 ரூபாயும் வாங்கினார்கள். இப்போது கையெழுத்தைக் காட்டி இழப்பீடு தர மறுக்கிறார்கள்.
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தக் கையெழுத்து உங்கள் வழக்கைச் சற்றுப் பலவீனமாக்குகிறது, முடித்துவிடவில்லை. பெட்டியைப் பிரித்தபோது எடுத்த படம், அன்றே அவர்களுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, இழப்பு நேர்ந்தது அவர்களின் கவனக்குறைவால்தான் என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்குக்கு முன் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், அதுவும் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள். பொருள் வந்துசேர்ந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு தொடங்குவதில்லை என்பதால், இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

2,400 ரூபாய்க்குக் காப்பீட்டு நிறுவனம் வழங்கிய சான்றிதழ் எங்கே என்று அந்த அறிவிப்பிலேயே கேளுங்கள். காப்பீடு என்ற பெயரில் வாங்கும் தொகை பல நேரங்களில் எந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போய்ச் சேராமல், மூவர்ஸ் நிறுவனத்தின் வாய்வார்த்தை உறுதியாக மட்டுமே நின்றுவிடுகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் நடைமுறை. கூடுதல் கட்டணம் செலுத்தி, இழப்புக்கு அவர்கள் கூடுதல் பொறுப்பேற்குமாறு ஏற்பாடு செய்யாதபோது, அதே சட்டத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்களின் பொறுப்பு பொதுவாக வண்டி வாடகையின் 10 மடங்கு வரைதான், அதுவும் சரக்கை ஒப்படைக்கும்போது நிரப்பும் படிவத்தில் நீங்கள் குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டாது. படிவத்தில் மானிட்டருக்கு என்ன மதிப்பு எழுதப்பட்டுள்ளது என்று பாருங்கள். கோயம்புத்தூர் வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும்: அவசரமாக நிரப்பிய படிவத்தில் "கணினி 1, ரூ.10,000" என்று இருந்தால், 95,000 ரூபாய்க் கணினிக்கு அதுவே எல்லையாகிவிடும். பில்களைக் காட்டி உண்மையான மதிப்பையும், பாகங்களின் வரிசை எண்களையும் எழுதவையுங்கள்.

அறிவிப்புக்குப் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளியுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடவும் முடியும்.

கேள்வி: யூபிஎஸ்ஸைக் கணினியோடு ஒரே பெட்டியில் வைக்கலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: வைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ஈய பேட்டரியின் கனமே அருகிலுள்ளதை நசுக்கிவிடும். யூபிஎஸ்ஸை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனிப்பெட்டியில் நிமிர்த்தி வைத்து, அந்தப் பெட்டியில் பேட்டரி இருப்பதை லாரியில் ஏற்றுபவர்களிடம் சொல்லிவிடுங்கள்.