வாசகர் கேள்வி: வாக்குரிமையைப் பறிக்கும் துணைவிதித் திருத்தம் செல்லுமா?

கேள்வி: எங்கள் மாவட்டப் பொறியாளர் சங்கம், சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது, உறுப்பினர்கள் 400 பேர். சென்ற பொதுக்குழுவுக்கு 48 பேரே வந்தார்கள். அதில், நிர்வாகிகள் தேர்தலில் ஆயுள் உறுப்பினர் மட்டுமே வாக்களிக்கலாம் என்று துணைவிதியைத் திருத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். எங்களுக்கு வந்த அழைப்பில் ‘வரவு செலவு, இதர பொருள்கள்’ என்று மட்டுமே இருந்தது. ஆண்டுச் சந்தா கட்டும் இளைய பொறியாளர்கள் நாங்கள் என்ன செய்யலாம்?
- ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் கையிலுள்ள அந்த அழைப்புக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள், வழக்கின் உயிர்நாடியே அதுதான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி துணைவிதியைத் திருத்துவதற்குச் சாதாரணத் தீர்மானம் போதாது, சிறப்புத் தீர்மானம் வேண்டும். இன்ன தீர்மானத்தைச் சிறப்புத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம் என்று குறிப்பிட்டு, 21 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். உறுப்பினர்களின் வாக்கையே எடுத்துவிடும் ஒரு திருத்தத்தை ‘இதர பொருள்கள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் அடக்கிக் கொண்டுவந்தது முறையாகாது என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்தது எண்ணிக்கை. சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும் என்றதும், 400 பேரில் 300 பேர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை, கூட்டத்துக்கு வந்திருக்கும், வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு இருந்தால் போதும். துணைவிதி சொல்லும் கோரம், அதாவது கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை, நிறைந்திருந்தால், 48 பேர் வந்த கூட்டத்தில் 36 பேர் கை தூக்கினாலே 400 பேரின் விதி மாறிவிடும். பொதுக்குழுவுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்ட 352 பேரும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று வருத்தத்தோடு சொல்கிறேன்.

திருத்தம் நிறைவேறியது என்று அவர்கள் வாயால் சொல்வதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். மாவட்டப் பதிவாளரிடம் அது பதிவானால்தான் நடைமுறைக்கு வரும். ஆகவே முதல் வேலையாகப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய கட்டணம் செலுத்தி, உங்கள் சங்கத்தின் துணைவிதிக்கும், அண்மையில் தாக்கல் செய்யப்பட்ட ஆவணங்களுக்கும் நகல் வாங்குங்கள். கூடவே கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட் புத்தகத்தையும் நேரில் பார்க்கக் கேளுங்கள். ஒரு சங்கத்தின் மினிட் புத்தகத்தை நான் புரட்டியபோது, வந்தவர்களின் கையெழுத்துகள் பக்கத்தின் நடுவிலேயே வரிசையாக முடிந்திருந்தன. அதற்கு மேலே இருந்த தீர்மானங்களில் கடைசியானது மட்டும் வேறு மையில், முதல் கையெழுத்தில் இடித்துவிடாதபடி பொடி எழுத்தாக நெருக்கி எழுதப்பட்டிருந்தது. வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு பக்கமே காட்டிக்கொடுத்தது.

குறை தெரியவந்தால், சங்க உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து, சட்டத்தின் 36-ஆம் பிரிவின்கீழ் விசாரணை கோரிப் பதிவாளரிடம் மனுக் கொடுக்கலாம். உங்கள் சங்கத்தில் அது 134 பேர். ஆனால், முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகி யார் என்ற தகராறு முற்றினால், அதை முடிவு செய்ய வேண்டியது உரிமையியல் நீதிமன்றம்தான். ஆகவே தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இனி, மூத்தவர்களின் கவலைக்கும் ஒரு வார்த்தை. நேற்றுச் சேர்ந்தவர்கள் கூட்டமாக வந்து சங்கத்தைக் கைப்பற்றிவிடுவார்களோ என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு வழி வாக்கைப் பறிப்பதல்ல. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தைப் பாருங்கள். அதன் மத்தியக் குழுவுக்கு ‘ஃபெலோ’ என்ற மூத்த உறுப்பினர் தகுதி பெற்றவர்களே போட்டியிட முடியும். வாக்களிப்பதோ தொடக்கநிலையிலுள்ள ‘அசோசியேட்’, ‘ஃபெலோ’ ஆகிய இரு வகை உறுப்பினர்களும்தான். அனுபவத்தை வேட்பாளரிடம் எதிர்பார்க்கிறார்கள், வாக்காளரிடம் அல்ல. உங்கள் சங்கத்திலும் தலைவர், செயலாளர் பதவிகளுக்கு இத்தனை ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம்; அதை எதிர்க்க உங்களுக்கும் காரணம் இருக்காது.

கேள்வி: சந்தா பாக்கி என்று சொல்லி, தேர்தலுக்கு முதல்நாள் என் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இது சரியா?
- திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி

பதில்: பாக்கி வைத்தவருக்கு வாக்கில்லை என்ற விதி புதிதல்ல, 1860-ஆம் ஆண்டின் மத்தியச் சங்கங்கள் பதிவுச் சட்டமே மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவரை வாக்களிக்க அனுமதிப்பதில்லை. தமிழ்நாட்டுக்குத் தனிச்சட்டம் இருப்பதால், உங்கள் சங்கத்தின் துணைவிதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள் அம்மா. எனக்கு உறுத்துவது அந்த ‘முதல்நாள்’தான். மேலே சொன்ன பட்டயக் கணக்காளர் தேர்தலில், அந்த நிதியாண்டின் ஏப்ரல் 1 அன்று பதிவேட்டில் பெயர் இருந்தால் வாக்குண்டு என்று தேதியை விதியிலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். அப்படியொரு தேதியையும், பெயரை நீக்குமுன் பாக்கியைக் கட்ட அவகாசம் தரும் கடிதத்தையும் துணைவிதியில் சேர்க்கும்படி அடுத்த பொதுக்குழுவுக்கு எழுத்துமூலம் தீர்மானம் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.