பத்துத்தூண் சந்து

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மனைவியோடும் பத்து வயது மகளோடும் மூன்று நாள் மதுரைக்கு வருகிறோம். இதற்கு முன் இரண்டு முறை வந்திருக்கிறேன். இரண்டு முறையும் மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா, திரும்பும்போது அழகர்கோயில். வீடு வந்து சேர்ந்த பிறகு மதுரையைப் பார்த்த நிறைவே இல்லை. கைப்பேசியில் தேடினால் எல்லோரும் அதே பத்து இடங்களைத்தான் சொல்கிறார்கள். போன முறை ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். அங்கே நின்ற எல்லோருமே அதே காணொளியைப் பார்த்து வந்த வெளியூர்க்காரர்கள். உள்ளூர் மக்கள் போகிற இடங்களை வெளியூர்க்காரன் எப்படிக் கண்டுபிடிப்பது? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்து இருக்கிறது. சிறுவயதில் தீபாவளிக்குத் துணி எடுக்க அம்மா என்னை அங்கேதான் கூட்டிப்போவார். இரண்டு பக்கமும் ஜவுளிக் கடைகள். அவற்றுக்கு நடுவில் மாடி வீட்டைத் தாண்டி நிற்கும் பெரிய கல்தூண்கள். எண்ணிப் பார்த்தால் பத்து. அந்த இடத்துக்குப் பெயரே பத்துத்தூண் சந்துதான். 'பத்துத்தூணுக்கு வந்துடு' என்று சொல்வோம், வந்து நிற்போம், துணி எடுப்போம், போவோம். பல வருடம் கழித்து வெளியூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, 'இது என்ன?' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் அரண்மனை இன்று நாம் பார்க்கிற மகாலைப் போல நாலு மடங்கு பெரியதாக இருந்தது. பேரன் சொக்கநாத நாயக்கர் அதில் பெரும்பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார். போனது போக, மகாலுக்கு வெளியே நின்றுவிட்டவை இந்தப் பத்துத் தூண்கள். சீட்டு வாங்கிக்கொண்டு நீங்கள் பார்த்த தூண்களின் உடன்பிறப்புகள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. உள்ளூர்க்காரருக்கு எல்லாம் தெரியும், அவர் மறைத்து வைத்திருக்கிறார், நாம் கேட்டு வாங்கவேண்டும் என்று நினைக்கிறோம். உண்மையில் அவருக்கு அது பார்க்கிற இடமே இல்லை. அது அவர் துணி எடுக்கிற இடம், தண்ணீர் பிடிக்கிற இடம், சாயங்காலம் உட்காருகிற இடம். 'இங்கே பார்க்க என்ன இருக்கிறது?' என்று மதுரையில் யாரைக் கேட்டாலும் கோயிலைத்தான் கைகாட்டுவார். அது ஆத்மார்த்தமான பதில், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் வேறு கேள்வி கேளுங்கள். 'இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பேர்?' 'இந்த உடுப்பை எங்கே தைத்தீர்கள்?' 'நீங்கள் காலையில் எங்கே காபி குடிப்பீர்கள்?' ஒருவருடைய அன்றாடத்தைக் கேட்டால் அவர் நின்று, நிதானமாகச் சொல்வார். சில சமயம் கூடவே நடந்து வந்தும் காட்டுவார்.

தெருப்பெயர் நல்ல தொடக்கம். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள். மாதப் பெயர்கள் எல்லாம் அந்தந்த மாதத்துத் திருவிழாவால் வந்தவை. சரி, வெளி வீதி? அதுதான் பழைய கோட்டைச் சுவர் நின்ற இடம். 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் அந்தச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார். விளக்குத்தூண் அவர் நினைவாக வைத்தது. அந்த வேலையில் இருந்த நில அளவையாளர் மாரட்டின் பெயரில் ஒரு தெரு, மேஸ்திரி பெருமாளின் பெயரில் ஒரு தெரு இன்றும் இருக்கின்றன. நீங்கள் ஒருவேளை பெருமாள் மேஸ்திரி வீதியில்தான் அறை எடுத்துத் தங்கப்போகிறீர்கள். அங்கே விடுதிகள் அதிகம்.

மூன்று நாளில் ஒரு காலையை மேல மாசி வீதிக்குக் கொடுங்கள். ஒரே ஒரு தெரு, அவ்வளவுதான். அங்கே 251ஏ எண்ணுள்ள கட்டடத்தின் மாடியில்தான் 1921 செப்டம்பர் 22 காலை காந்தி மேல்சட்டையையும் நீள வேட்டியையும் விட்டுவிட்டு அரை வேட்டிக்கு மாறினார். கீழே கதர்க் கடை. காந்தி மியூசியத்துக்குப் போகிறவர்களில் பலர் இந்த மாடிக்கு வருவதில்லை. உலகம் முழுக்க நினைவில் வைத்திருக்கிற அவருடைய தோற்றம் தொடங்கிய இடம் இதுதான். அதே தெருவில் இம்மையில் நன்மை தருவார் கோயில். சிவனே லிங்கத்தை வைத்துப் பூஜை செய்வதாக அமைந்த சன்னிதி. நமக்குத் தெரிவது லிங்கத்தின் பின்புறம். அலுவலகம் போகிற வழியில் பையைத் தோளில் மாட்டியபடி ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிற மக்களை அங்கே பார்ப்பீர்கள்.

கொஞ்சம் தள்ளி மதனகோபால சுவாமி கோயில். சின்னக் கோயில்தான். ஆனால் இதன் மண்டபத் தூண்கள் இங்கே இல்லை. கோயில் வளாகத்தில் குவியலாகக் கிடந்த அந்தத் தூண்களை, 1912இல் மதுரைக்கு வந்த அடெலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். 1919இல் அவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் அங்கே மண்டபமாக நிற்கின்றன. அங்கே வருகிறவர்களுக்கு அது ஓர் அதிசயம். அவை கிளம்பிப் போன இடத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நிற்பேன். மனசு கனத்துப்போகும். உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள், அவள் கேட்கிற கேள்விகளை எனக்கு எழுதுங்கள்.

பெரிய கோயிலை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். கூட்டம் போகிற இடமாயிற்றே என்று ஒதுக்கினால் நஷ்டம் நமக்குத்தான். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சுற்றுலா வண்டிகள் வருவது காலை ஒன்பதுக்கு மேல். நீங்கள் விடிகாலையில் போங்கள், அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் குளித்த ஈரத்தோடு வருகிற நேரத்தில். இல்லையென்றால் இரவு நடை சாத்துவதற்கு முன், பள்ளியறைப் பூஜைக்கு. சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் ஏறி அம்மன் சன்னிதிப் பள்ளியறைக்குப் போகும், ஒவ்வொரு நாளும். நாதஸ்வரம் முன்னால் போக, கூட வருகிறவர்களில் பாதிப் பேர் தினமும் வருகிறவர்கள். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். நல்லதுதான்.

கிழக்கே புது மண்டபத்தில் முன்பு தூணுக்குத் தூண் தையல் இயந்திரம் இருக்கும். சாமிக்கு உடுப்பு, சித்திரைத் திருவிழாவில் அழகர் வேடம் போடுகிறவர்களுக்கு உடுப்பு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டிக்கு உடுப்பு எல்லாம் அங்கேதான் தைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. மண்டபத்துக்கு எதிரே கட்டி முடியாமல் நிற்கிற இராய கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சத்திரத்துக்குப் போங்கள். மகளுக்கு ஏதாவது தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். தையல்காரரைப் போல ஊர்க்கதை தெரிந்தவர் வேறு யார்?

சாப்பாட்டுக்குக் கடை பெயர் சொல்லப்போவதில்லை. பெயர் சொன்னால் மறுபடியும் வரிசைதான். ஒரு வழி மட்டும்: உட்கார இடமில்லாமல் நின்று சாப்பிடுகிறவர்கள் நிறைய இருக்கிற, ஒன்றிரண்டு பண்டம் மட்டுமே போடுகிற கடையைப் பாருங்கள். சாயங்காலம் சந்து முனையில் முள்ளு முருங்கை வடை போடுவார்கள். கல்யாண முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிப் பொரித்த பச்சை வடை, மேலே காரப்பொடி. அப்புறம் பருத்திப்பால். பருத்தி விதையை அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது. ஜிகர்தண்டாவுக்கு வெளியூர்க் கூட்டம். பருத்திப்பால் வண்டியைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்.

இரண்டாம் நாள் காலையில் நகரத்தை விட்டு வெளியே வாருங்கள். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையை ஒட்டி கீழக்குயில்குடி. அதன் சமணர் மலையைத்தான் எனக்குத் தெரிந்த எல்லோரையும் கூட்டிப்போவேன். அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். மரத்தடியில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். பாறையில் வெட்டிய படிகள் பேச்சிப்பள்ளத்துக்குப் போகும். அங்கே ஒரு சுனை, அதற்கு மேலே பாறையில் வரிசையாகச் சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களின் சிலைகள். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சிலைகளுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் யார் செய்வித்தது என்று வெட்டியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்தது. அரசன் இல்லை, வணிகன் இல்லை, ஓர் அம்மா. மகன் துறவியாகப் போன பிறகு அவர் இந்த மலைக்கு ஒரு திருமேனி செய்வித்துப் பெயரை வெட்டிவைத்திருக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு மேலாக அந்தப் பெயர் அங்கே இருக்கிறது.

மலையின் மறுபக்கம் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. அங்கே பெரிய தீர்த்தங்கரரை ஊர் மக்கள் அவருடைய நீண்ட காதைப் பார்த்துச் செட்டியார் என்று நினைத்ததால் வந்த பெயர் என்பார்கள். உள்ளே குனிந்து போனால் சிங்கத்தின் மேல் அமர்ந்து, யானையில் வருகிறவனோடு சண்டை போடுகிற இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம் இருக்கிறாள். உங்கள் மகளுக்கு அவளைத்தான் பிடிக்கும்.

இதே மலையில்தான் என்னைக் கோபப்படுத்துகிற விஷயமும் இருக்கிறது. பாறையில் பெயின்டால் எழுதிய பெயர்கள், உடைந்த பாட்டில்கள். யாரும் வராத இடம் என்று தேடி வந்தவர்கள் விட்டுப்போனவை. மதுரையைச் சுற்றி இப்படி எத்தனையோ குன்றுகள். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2024இல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டு போராடிய பிறகு 2025 ஜனவரியில் அது ரத்தானது. அந்தக் குன்றையும் அதில் குடைந்த கோயிலையும் காப்பாற்றியவர்கள் அங்கே மாடு மேய்க்கிறவர்களும் விவசாயம் பார்க்கிறவர்களும். நாம் போவது அவர்கள் வீட்டுக்கு. ஆடு மாடு, வயல், பெண்கள் குளிக்கிற சுனை எதையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்த படத்தைப் போடும்போது வழி போட்டுக்கொடுக்காதீர்கள். கேட்கிறவர்களுக்கு நேரில் சொல்லுங்கள், இப்போது நான் உங்களுக்குச் சொல்வதுபோல.

மூன்றாம் நாள் சாயங்காலத்துக்கு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போய்ச் சுற்றுச்சுவரில் உட்காருங்கள். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. இருட்டும்வரை ஊர் அங்கேதான் காற்று வாங்கும். பக்கத்தில் உட்காருகிறவர் எப்படியும் 'எந்த ஊரு?' என்று கேட்பார்.

சமணர் மலைக்கு மட்டும் காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். எட்டரைக்கு மேல் பாறை சுடும், நிழல் கிடையாது. பாப்பாவுக்கு வழுக்காத செருப்பு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். குணமதியாரின் கதையை ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மேலே போனதும் அவளே எழுத்தைத் தேடுவாள்.